அரசியல் பாடும் இசைக்கலைஞர்களில் எனக்குப் பிடித்தவர்கள்: ஃபெலா குட்டி முதல் குணசேகரன் வரை

அரசியல் பேசும் பாடகர்களில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தவர்கள் யார், ஏன் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போட்டால் ஐம்பது பேராவது தேறுவார்கள். தலைக்கு ஒரு வரி எழுதுவதைவிட, நான் திரும்பத் திரும்பக் கேட்கிற சிலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டின் வரிகளை மட்டும் உருவி எடுத்து மேடையில் வாசித்தாலே அதே சூடு கிடைக்கிறது என்றால், அங்கே இசைக்கு வேலை இல்லை, துண்டறிக்கை போதும். எனக்குப் பிடித்தவர்களிடம் அப்படி உருவ முடியாது. எந்தக் கருவியை எடுத்தார்கள், எந்தப் பேச்சில் பாடினார்கள், எவ்வளவு நேரம் பாடினார்கள், யார் முன்னால் நின்று பாடினார்கள் என்பதிலேயே அவர்களுடைய அரசியல் பாதி இருக்கும். அதனால்தான் ஆட்சியாளர்களுக்கு அவர்கள்மீது அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று நினைக்கிறேன்.

முதல் இடம், யோசிக்கவே வேண்டாம், நைஜீரியாவின் ஃபெலா குட்டிக்கு.

1938-ல் அபேயோகுட்டா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியர். அம்மா ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி. ஃபெலாவைப் புரிந்துகொள்ள இந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1940-களின் கடைசியில், பெண்கள் தலையில் தனியாகச் சுமத்திய வரியை எதிர்த்து அவர் சந்தைப் பெண்களை ஆயிரக்கணக்கில் திரட்டினார். அவர்கள் அரண்மனை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, பிரிட்டிஷாருக்காக வரி வசூலித்த மன்னரைக் கேலி செய்து பாட்டுக் கட்டிப் பாடினார்கள். 1949-ல் மன்னர் பதவியைத் துறந்தார். ஊரே சேர்ந்து பாடினால் அரண்மனை எப்படி ஆட்டம் காணும் என்பதை ஃபெலா பத்து வயதில் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார்.

1958-ல் வீட்டார் அவரை லண்டனுக்கு அனுப்பியது மருத்துவம் படிக்க. அவர் போய்ச் சேர்ந்தது டிரினிட்டி இசைக் கல்லூரியில். ஊர் திரும்பி ஜாஸும், ஹைலைஃப் என்ற மேற்கு ஆப்பிரிக்க நடன இசையும் கலந்து வாசித்துக்கொண்டிருந்த வரைக்கும் அவர் இசையில் பெரிதாக அரசியல் இல்லை. 1969-ல் குழுவோடு அமெரிக்கா போனபோது லாஸ் ஏஞ்சலஸில் சாண்ட்ரா ஸ்மித் என்ற பெண்ணைச் சந்தித்தார். கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தோடு தொடர்புடையவர். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் சுயசரிதையை ஃபெலா படித்தது அவர் மூலம்தான். லாகோஸுக்குத் திரும்பிய ஃபெலா வேறு ஆள்.

அதன்பின் அவர் உருவாக்கிய இசைக்கு ஆஃப்ரோபீட் என்று பெயர். அதைக் கொஞ்சம் கிட்டப்போய்க் கேட்க வேண்டும். டிரம்ஸில் டோனி ஆலன். இவர் கைகால் நான்கும் நான்கு பேருடையவை போல ஆளுக்கு ஒரு வேலை பார்க்கும். அதன்மேல் கிதார்கள், ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு துணுக்கு ஒன்றை மட்டும் விடாமல் வாசிக்கும். தனித்தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று போய் உட்காரும்போது ஒரு சக்கரம் சுழலத் தொடங்கும். திருவிழாவில் தவிலும் பம்பையும் சுற்றிச் சுற்றி வரும்போது நம்மை அறியாமல் கால் அசையுமே, அந்த மாதிரி. பாட்டுக்குப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், சிலவற்றுக்கு அரை மணி நேரம். வானொலிக்காகச் சுருக்கித் தரச் சொன்னால் மாட்டார். பதிவு செய்து வெளியிட்ட பாட்டை மேடையில் திரும்பப் பாடவும் மாட்டார். தன் ஷ்ரைன் அரங்குக்கு வந்தவர்களுக்கு எப்போதும் புதுப் பாட்டுதான்.

மொழியும் அவருடைய தேர்வுதான். தாய்மொழியான யொரூபாவில் பாடியிருந்தால் யொரூபாக்காரர்களோடு நின்றிருக்கும். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் பாடியிருந்தால் படித்தவர்களோடு நின்றிருக்கும். அவர் எடுத்தது பிட்ஜின், சந்தையிலும் பேருந்திலும் புழங்குகிற கலப்பு ஆங்கிலம். லாகோஸ் ஓட்டுநருக்கும் புரியும், சில நாடுகள் தள்ளியிருக்கும் கானாவின் சந்தைக்காரிக்கும் புரியும்.

இதெல்லாம் ஒன்றாக வெடித்தது 'ஸாம்பி' (நடைப்பிணம்) என்ற பாட்டில். ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்த நேரம். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. முதல் சில நிமிடங்களுக்கு அவர் குரலே வராது. தாளம் உடம்பில் ஏறும் வரை காத்திருக்கிறார். அப்புறம்தான் சிப்பாயைப் பற்றிச் சொல்கிறார்: நட என்றால் நடக்கும், நில் என்றால் நிற்கும், யோசி என்று சொல்லும்வரை யோசிக்காது. ஒவ்வொரு வரிக்கும் பெண்கள் கூட்டமாக 'ஸாம்பி' என்று பதில் கொடுக்கிறார்கள். கடைசிப் பகுதியில் அணிவகுப்பு மைதானத்தின் ஆணைகள் அப்படியே வருகின்றன: விரைவாக நட, மெதுவாக நட, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு. ராணுவம் அதட்டிக் கத்தும் சொற்களுக்கு நாட்டு மக்கள் இடுப்பை ஆட்டி நடனமாடினார்கள். தெருவில் சிப்பாயைப் பார்த்துப் பிள்ளைகள் இந்தப் பாட்டைப் பாடத் தொடங்கினால் என்ன ஆகும்?

ஆனது இதுதான். லாகோஸில் ஃபெலா தன் வீட்டைச் சுற்றி வேலி போட்டு, கலக்குட்டா குடியரசு என்று பெயர் வைத்திருந்தார். முன்பு அவரை அடைத்துவைத்த சிறைக் கொட்டடிக்குக் கைதிகள் வைத்த பெயர் அது. 1977 பிப்ரவரி 18 அன்று ஆயிரம் சிப்பாய்கள் அந்த வீட்டைச் சூழ்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களை அடித்து நொறுக்கினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், கருவிகளையும் பதிவு நாடாக்களையும் வீட்டோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். எழுபதுகளின் வயதில் இருந்த அம்மாவை மாடி ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். அரசு விசாரணை நடத்தி, செய்தது யாரென்று தெரியாத ஒரு சிப்பாய் என்று முடித்துவிட்டது.

ஃபெலா அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். 'அடையாளம் தெரியாத சிப்பாய்' என்று அரை மணி நேரப் பாட்டு. அப்புறம் அம்மாவின் நினைவாக ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் ஆட்களோடு ராணுவத் தலைமையகமான டோடன் பாராக்ஸ் வாசலுக்குப் போய் வைத்துவிட்டு வந்தார். அதையும் பாட்டாக்கினார்: நாட்டுத் தலைவனுக்கு ஒரு சவப்பெட்டி. அந்தப் பாட்டில் ஆவேசம் ஏறுமென்று எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். மெதுவாக, ஒப்பாரி வைத்து ஓய்ந்துபோனவர் கதை சொல்வதுபோல, எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த நிதானம்தான் தாங்க முடியாததாக இருக்கிறது.

இவரைக் கும்பிட வேண்டியதில்லை. பெண்கள் விஷயத்தில் அவர் பேசியதும் பாடியதும் பல இடங்களில் மோசம். 'லேடி' என்ற பாட்டு, ஆணுக்குச் சமமாகப் பேசும் படித்த பெண்ணைக் கிண்டல் செய்கிறது. தன் குழுவின் 27 பெண்களை 1978-ல் ஒரே சடங்கில் மணந்தார். அப்படிப்பட்ட தாயின் மகன் இப்படிப் பாடினார் என்பது எனக்கு இன்றும் வருத்தம். 1984-ல் புகாரியின் ராணுவ ஆட்சி வெளிநாட்டுப் பணம் கடத்தியதாக வழக்குப் போட்டு அவரை உள்ளே தள்ளியது; இருபது மாதம் கழித்துத்தான் வெளியே வந்தார். 1997 ஆகஸ்டில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அதை மறைக்காமல் நாட்டுக்கு அறிவித்தவர் அவருடைய அண்ணன், முன்னாள் சுகாதார அமைச்சர். லாகோஸ் அதுவரை பார்க்காத கூட்டம் அந்த இறுதி ஊர்வலத்தில் வந்தது.

ஃபெலாவிடமிருந்து நேர் எதிர்ப்பக்கம் போனால் சிலி நாட்டின் விக்தோர் ஹாரா. ஒரு கிதார், ஒரு தணிந்த குரல், மூன்று நிமிடம்.

ஏழை விவசாயக் குடும்பம். அம்மா அமாந்தா கிராமத்துத் திருமணங்களிலும் சாவு வீடுகளிலும் பாடுகிறவர். ஹாரா நாடக இயக்குநராகப் பெயர் எடுத்தவர். வியோலெத்தா பார்ரா என்ற மாபெரும் பாடகி நாடெங்கும் அலைந்து கிராமத்துப் பாடல்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவர் காட்டிய வழியில் ஹாராவும் பாட வந்தார். அறுபதுகளில் சிலியில் கிளம்பிய 'புதிய பாடல்' இயக்கம் இவர்களுடையதுதான். வானொலி முழுக்க அமெரிக்கப் பாட்டு ஓடிய காலத்தில், மலைவாழ் மக்களின் சரங்கோ என்ற சின்ன நரம்புக் கருவியையும் கேனாக் குழலையும் நகரத்து மேடையில் ஏற்றினார்கள். அதுவே அங்கே ஒரு அரசியல் அறிவிப்பு.

அவருடைய பாட்டுகளில் நான் முதலில் சொல்வது 'உன்னை நினைக்கிறேன் அமாந்தா'. ஒரு பெண் மழை நனைத்த தெருவில் ஓடுகிறாள். காதலன் மனுவேல் வேலை செய்யும் ஆலை வாசலுக்குப் போகிறாள். முடியில் மழைத்துளி, முகம் நிறையச் சிரிப்பு. அவர்களுக்குக் கிடைப்பது ஐந்தே நிமிடம். சங்கு ஊதுகிறது, அவன் வேலைக்குத் திரும்புகிறான், அவள் நடக்கும் வழியெல்லாம் வெளிச்சம். அப்புறம், பாட்டின் குரல் கொஞ்சமும் மாறாமல், அவன் மலைக்குப் போனான் என்கிறது. யாருக்கும் தீங்கு நினைக்காதவன். ஐந்தே நிமிடத்தில் அழிந்துபோனான். மறுபடி சங்கு ஊதுகிறது. பலர் திரும்பவில்லை, மனுவேலும் திரும்பவில்லை. அவ்வளவுதான் பாட்டு.

கட்சிப் பெயர் இல்லை, எதிரியின் பெயர் இல்லை. அந்த 'ஐந்து நிமிடம்' என்ற சொல் முதலில் காதலுக்கும் பிறகு சாவுக்கும் ஒரே மெட்டில் வருவதுதான் முழு அரசியலும். தொழிலாளியின் வாழ்க்கையில் அவனுக்கென்று இருக்கும் நேரம் எவ்வளவு என்று இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பாட்டை நான் கேட்டதில்லை. மனுவேலும் அமாந்தாவும் அவருடைய அப்பா, அம்மா பெயர்கள்.

பெயர் சொல்லியும் பாடியிருக்கிறார். 1969 மார்ச்சில் போர்த்தோ மோன்ட் நகரில், குடியிருக்க இடமில்லாமல் காலி நிலத்தில் குடிசை போட்டவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. உத்தரவுக்குப் பொறுப்பான அமைச்சரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்கிறது அவருடைய 'போர்த்தோ மோன்ட் பற்றிய கேள்விகள்'.

1973 செப்டம்பர் 11 அன்று அதிபர் அயெந்தேயின் ஆட்சியை ராணுவம் கவிழ்த்தது. ஹாரா அன்று தான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு இருந்தார். அத்தனை பேரையும் பிடித்து ஒரு விளையாட்டு அரங்கில் அடைத்தார்கள். பாடகர் என்று அடையாளம் கண்டுகொண்ட அதிகாரிகள் அவரைத் தனியே இழுத்துப்போய்ச் சித்திரவதை செய்தார்கள். விரல்களை வெட்டிவிட்டுப் பாடச் சொன்னார்கள் என்று ஒரு கதை பலகாலமாகச் சுற்றுகிறது. வெட்டவில்லை, கைகளை அடித்து நொறுக்கினார்கள். அந்த நிலையிலும் கிடைத்த தாளில் ஒரு கவிதை எழுதினார். நகரத்தின் இந்தச் சின்ன மூலையில் நாங்கள் ஐயாயிரம் பேர் இருக்கிறோம் என்று தொடங்கும் அதைச் சக கைதிகள் ஒளித்து வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு மெட்டுப் போட அவர் இல்லை. உடலில் 44 குண்டுகள். பிணவறையில் குவிந்து கிடந்த உடல்களுக்கு நடுவே கணவரைத் தேடிக் கண்டெடுத்தவர் ஜோன் ஹாரா, இங்கிலாந்தில் பிறந்த நடனக் கலைஞர்.

ஜோனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. அவர் நாட்டை விட்டு வெளியேறி, கணவரின் பாடல்கள் அழியாமல் பார்த்துக்கொண்டார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பிறகு சிலிக்குத் திரும்பி வழக்கு நடத்தினார். கொலைக்காக முன்னாள் ராணுவத்தினர் ஏழு பேரின் தண்டனையைச் சிலி உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2023 ஆகஸ்டில். கொலை நடந்து ஐம்பது ஆண்டு. அந்த நவம்பரில் ஜோன் காலமானார். தீர்ப்பைக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. இடையில் 2019-ல் சாந்தியாகோவில் மக்கள் தெருவுக்கு வந்தபோது, வியட்நாமுக்காக ஹாரா எழுதிய 'அமைதியாக வாழும் உரிமை' பாட்டைத்தான் கூட்டம் கூட்டமாகப் பாடியது. ராணுவம் மறுபடி தெருவில் நின்றது. ஊரடங்கு நேரத்திலும் வீட்டு ஜன்னல்களிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. அவரைக் கொன்ற அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்.

மூன்றாவது நீனா சிமோன். அவரைச் சொல்லும்போது பில்லி ஹாலிடேயைத் தாண்டிப் போக முடியாது. 1939-ல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில் ஹாலிடே 'விசித்திரக் கனி' என்ற பாட்டைப் பாடத் தொடங்கினார். தெற்கு மாநிலங்களில் வெள்ளைக்காரக் கும்பல்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கறுப்பர்களைப் பற்றியது. எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர். எப்போதும் கடைசிப் பாட்டு அதுதான். பரிமாறுபவர்கள் வேலையை நிறுத்திவிட வேண்டும். விளக்கெல்லாம் அணைந்து, அவர் முகத்தில் மட்டும் ஒரு வட்ட வெளிச்சம். பாடி முடித்ததும் அதுவும் அணையும். திரும்ப வெளிச்சம் வரும்போது மேடையில் ஆள் இருக்காது. கைதட்டி, பாராட்டி, மனசை லேசாக்கிக்கொள்ள யாருக்கும் வழி கொடுக்கவில்லை. அவருடைய வழக்கமான இசைத்தட்டு நிறுவனம் இதைப் பதிவு செய்ய மறுத்து, கமடோர் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது.

சிமோன் எடுத்தது வேறு வழி. அவர் பியானோவில் ஜெர்மானிய இசைமேதை பாஹின் (Bach) இசையை வாசித்து வளர்ந்தவர், கறுப்பினத்தின் முதல் பெரிய செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்று கனவு கண்டவர். கர்டிஸ் இசைக்கூடம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசி வரை நம்பினார். 1963 செப்டம்பரில் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற செய்தி வந்த அன்று, வீட்டில் கிடைத்த பொருட்களை வைத்துத் துப்பாக்கி செய்ய உட்கார்ந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். உனக்குக் கொல்லத் தெரியாது, உனக்குத் தெரிந்தது இசை என்றாராம் கணவர். ஒரு மணி நேரத்தில் பாட்டு பிறந்தது: 'மிசிசிப்பி காட்-டாம்' (Mississippi Goddam).

1964-ல் கார்னகி அரங்கில் பாடிய பதிவைக் கேளுங்கள். பியானோ துள்ளிக்கொண்டு ஓடும், இசை நாடகத்தில் வரும் கேளிக்கைப் பாட்டு மாதிரி. பெரும்பாலும் வெள்ளையர்கள் நிறைந்த அரங்கம். இது ஒரு நாடகப் பாட்டு, ஆனால் அந்த நாடகத்தை இன்னும் யாரும் எழுதவில்லை என்று நடுவில் அவர் சொல்ல, சபை சிரிக்கிறது. அடுத்தடுத்த வரிகளில் சிரிப்பு குறைவதை உங்கள் காதாலேயே கேட்கலாம். ஒரு கட்டத்தில் பியானோவைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பொறுங்கள், மெதுவாகப் போங்கள் என்று கறுப்பர்களுக்கு அறிவுரை சொன்னவர்களுக்கு அவர் பதில் சொல்வது அந்த இடத்தில்தான். பின்னாலிருந்து குழுவினர் 'மெதுவாக' என்று கத்த, தாளம் மட்டும் கொஞ்சமும் மெதுவாகாமல் ஓடுகிறது. தெற்கிலிருந்து வானொலி நிலையங்கள் அந்த இசைத்தட்டை உடைத்துத் திருப்பி அனுப்பின. கர்டிஸ் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது 2003-ல், அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு.

சரி, நம் பக்கம் வருவோம்.

தெலங்கானாவின் பாடகர் கத்தரை விட்டுவிட்டு இந்தப் பதில் நிறைவாகாது. இயற்பெயர் கும்மடி விட்டல் ராவ். மேதக் மாவட்டத்துத் தலித் குடும்பம். கனரா வங்கியில் எழுத்தராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு ஜன நாட்டிய மண்டலி என்ற நக்சல்பாரி அரசியல் கலைக்குழுவின் முழுநேரக் கலைஞரானார். தோளில் ஆடு மேய்ப்பவர்களின் கறுப்புக் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை. ஆந்திரத்துக் கிராமங்களில் ஏற்கெனவே இருந்த கதைப்பாட்டு மெட்டுகளைத்தான் எடுத்தார். மக்களுக்கு மெட்டு தெரியும், அதனால் இரண்டாவது வரியிலேயே சேர்ந்துவிடுவார்கள். தெலுங்கு தெரியாத நான் அவரை மேடையில் பார்த்த பதிவுகளில் பாதியை உடம்பைப் பார்த்தே புரிந்துகொண்டேன். 1997 ஏப்ரலில் வீட்டுக்கு வந்து சுட்டார்கள். ஒரு குண்டு 2023-ல் சாகும்வரை முதுகெலும்பு அருகிலேயே இருந்தது. நக்சல்பாரி அரசியலிலிருந்து அம்பேத்கரை நோக்கியும் வாக்குச்சாவடியை நோக்கியும் அவர் கடைசிக் காலத்தில் நகர்ந்ததைப் பலர் குறை சொன்னார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பாட்டுக்காக உடம்பைக் கொடுத்தவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் உரிமை உள்ளவர்.

தமிழில் எனக்கு முதல் பெயர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்து, நாட்டுப்புறவியலும் நாடகமும் படித்துப் பேராசிரியரானவர். அவருடைய 'வடு' தமிழின் முக்கியமான தலித் தன்வரலாறு. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவருடைய தொண்டைதான்.

மாணவனாக இருந்தபோது ஒரு டிசம்பர் 25 அன்று நண்பர்களோடு கீழ்வெண்மணி நினைவிடத்துக்குப் போயிருந்தேன். 1968-ல் அதே தேதியில், கூலி உயர்வு கேட்டு நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த ஊர். கூட்டம் தொடங்குவதற்கு முன் ஓரமாகப் பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோலைத் தீயின்மேல் சுற்றிக் காட்டுவார், விரலால் தட்டுவார், காதருகே கொண்டுபோவார், போதாது என்று திரும்பக் காட்டுவார். நெருப்பில் காய்ந்தால்தான் அந்தத் தோல் பேசும். நெருப்பில் போனவர்களின் ஊரில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது மறக்கவில்லை. பிறகு யாரோ ஒரு இளைஞர் 'மனுசங்கடா' பாடினார். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். குரல் எடுத்துப் பாடவில்லை, உதடு மட்டும் ஒவ்வொரு வரிக்கும் அசைந்தது. உங்கள் தலைவனின் பிறந்தநாளுக்குச் சுவரொட்டி ஒட்ட எங்கள் முதுகை ஏணியாக்கினீர்களே, நாங்கள் எரிந்தபோது எங்கே போனீர்கள் என்று அந்தப் பாட்டு கேட்கும் இடம் வந்ததும், நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வி அரசுக்கும் பண்ணையாருக்கும் மட்டும் கேட்டதில்லை, அங்கே நின்ற என்னையும் சேர்த்துத்தான் கேட்டது.

இன்குலாப், குணசேகரன் இருவரும் 2016-ல் போய்விட்டார்கள். இன்குலாபுக்கு அடுத்த ஆண்டு அறிவித்த சாகித்திய அகாதமி விருதை அவர் குடும்பம் வாங்கிக்கொள்ளவில்லை.

மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன், பறை அடித்துப் பாடிய இரண்டு பாட்டுகளுக்காக 2015 அக்டோபரில் திருச்சியில் வீடு புகுந்த போலீஸால் கைதானார். டாஸ்மாக் கடைகளை மூடு என்று சொன்னதற்கு 124-அ, தேசத்துரோகப் பிரிவு. அந்தப் பாட்டுகளைக் கைதுக்கு முன் கேட்டிராதவர்களெல்லாம் ஒரே வாரத்தில் கேட்டார்கள். அதே 2015-ல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி, உலகமே முணுமுணுத்த ஒரு அமெரிக்க ராப் மெட்டில் பாடிய காணொலி நாடு கடந்து போனது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் அதைச் செய்யவில்லை. தொழிலாளர்கள் பல வருஷம் வழக்கு நடத்தினார்கள். ஆனால் அவர்கள் பக்கம் எல்லாரையும் திரும்ப வைத்ததில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு.

2017-ல் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' எனக்குத் தனி விருப்பம். கபேர் வாசுகி எழுத, கர்நாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா பாடியது. எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நீரில் நின்று, ஆனந்தபைரவியிலும் பேகடாவிலும் சென்னைத் தமிழைப் பாடுகிறார். புறம்போக்கு என்பது ஏரி, குளம், மேய்ச்சல் நிலம் என ஊருக்கே பொதுவான, வரிக்கணக்கில் சேராத இடம். நாம் அந்தச் சொல்லை வசையாக மாற்றிவிட்டோம். சபாவில் ஒலிக்கவே ஒலிக்காத சொல் கமகத்தோடு வரும்போது, இரண்டு பக்கமும் கொஞ்சம் கூச்சம் விலகுகிறது.

அடுத்த ஆண்டு ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர்களிடமிருந்து வந்தது. சென்னையின் கானாப் பாடலை, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிய அதே நகரத்தின் பெரிய மேடையில் ராக் கிதாரோடு நிறுத்தினார்கள். இசைவாணியின் குரலுக்காகவே கேட்கலாம். அங்கிருந்து வளர்ந்த அறிவு, 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி'யில் தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையைப் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இரு நாட்டு ஒப்பந்தத்தால் நிலமின்றித் திரும்பிவந்த தலைமுறை அது. கல்யாண மண்டபங்களில் குழந்தைகள் அதற்கு ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு 'ஸாம்பி'க்கு ஆடிய லாகோஸ்தான் நினைவுக்கு வரும்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் அமாந்தா, வரிகளின் பொருளைப் படித்துவிட்டு, இரவில், வேறு வேலை செய்யாமல். அடுத்து சிமோனின் கார்னகி பதிவு. சபையின் சிரிப்பைக் கவனியுங்கள். மூன்றாவதாக 'ஸாம்பி', நின்றுகொண்டு, ஸ்பீக்கரில், முழு நீளமும். குரல் வரும் வரை தள்ளிவிடாமல் பொறுத்திருங்கள். அப்புறம் குணசேகரனின் குரலில் 'மனுசங்கடா'. ஃபெலாவின் சவப்பெட்டிப் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மாவின் கதை தெரிந்த பிறகுதான் அதைக் கேட்க வேண்டும்.